கார்ட் ஏன் காலியாகிறது? இணையக் கடைகளின் செஷன் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வூகாமர்ஸ், ஓபன்கார்ட், மஜெண்டோ போன்ற கடை மென்பொருள்களில் சொந்தமாகக் கடை நடத்துபவர்களுக்கும், அவர்களுக்கு வெப்சைட் வேலை பார்த்துக் கொடுப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். ஷாப்பிஃபை மாதிரி வாடகைக்குக் கிடைக்கும் கடைகளில் செஷன் வேலை முழுவதையும் அவர்களே பார்த்துக்கொள்வதால், இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் அங்கே உங்கள் கைக்கு எட்டாது. கோடிங் தெரியாதவர்களும் படிக்கலாம். உங்கள் டெவலப்பரிடம் எதைக் கேட்பது என்றாவது தெரிந்துவிடும்.

## செஷன் என்றால் என்ன? கார்ட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒருவர் உங்கள் கடையில் ஒவ்வொரு பக்கமாகத் திறக்கும்போதும் சர்வருக்கு அவர் புது ஆள்தான். போன நிமிடம் சேலை பார்த்தவரும் இப்போது செக்அவுட்டுக்கு வந்தவரும் ஒருவரே என்று சர்வருக்குத் தானாகத் தெரியாது. 1994-ல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மொண்டுல்லி இதற்காகத்தான் குக்கீயை, அதாவது தளம் கொடுத்து பிரௌசர் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பை, கொண்டுவந்தார். எம்சிஐ என்ற நிறுவனம் ஒரு இணையக் கடை கட்ட நினைத்தது. பாதியில் நிற்கும் வாங்கல் விவரங்களைத் தன் சர்வரில் சுமக்க அதற்கு விருப்பமில்லை. ஆக, குக்கீ பிறந்ததே ஷாப்பிங் கார்ட்டுக்காக.

இன்று ஏற்பாடு கொஞ்சம் மாறிவிட்டது. கார்ட்டில் உள்ள பொருள்கள் சர்வரில் இருக்கும், பிரௌசரிடம் ஒரு நீளமான அடையாள எண் மட்டும் குக்கீயாக இருக்கும். இந்த ஏற்பாடுதான் செஷன். கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்களே, அதே கதை. டோக்கனைத் தொலைத்தாலும் செருப்பு கிடைக்காது. டோக்கன் பத்திரமாக இருந்து, ரேக்கை யாராவது காலி செய்துவிட்டாலும் கிடைக்காது. வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ‘கார்ட் காலி’ என்றுதான் சொல்வார். சரிசெய்ய வேண்டியவருக்கு இரண்டும் வேறு வேறு வேலை.

## கார்ட் காலியாகிறது என்று புகார் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

பிளகினை அணைத்துப் பார்ப்பது, தீம் (கடையின் தோற்றம்) மாற்றுவது எல்லாம் அப்புறம். முதலில் கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடியுங்கள். மூன்றே இடங்கள்தான். குக்கீ சர்வருக்கு வந்து சேரவில்லை. குக்கீ வருகிறது, சர்வரில் தகவல் இல்லை. இரண்டும் சரி, ஆனால் பிரௌசரில் தெரிவது பழைய பக்கம்.

கணினியில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். அப்ளிகேஷன் டேபில் குக்கீஸ் பகுதிக்குப் போனால் உங்கள் கடையின் குக்கீகள் வரிசையாகத் தெரியும். ஓபன்கார்ட்டில் ‘ஓசிசெஸ்ஐடி’ என்று ஒன்று இருக்கும். வூகாமர்ஸில் ‘டபிள்யூபி வூகாமர்ஸ் செஷன்’ என்று தொடங்கும் ஒன்று. பிஎச்பி என்ற நிரல் மொழியில் கையால் எழுதிய கடை என்றால் பெரும்பாலும் ‘பிஎச்பிசெஸ்ஐடி’. முதலில் ஒரு பொருளைக் கார்ட்டில் போடுங்கள், வூகாமர்ஸில் அதற்குப் பிறகுதான் இந்தக் குக்கீ வரும். குக்கீயின் மதிப்பில் கடைசி நாலைந்து எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கார்ட் காலியாகும் இடம் வரை போய், அதே குக்கீயைத் திரும்பப் பாருங்கள்.

எழுத்துகள் மாறியிருந்தால், பழைய குக்கீ வராததால் சர்வர் புதிதாக ஒன்று கொடுத்துவிட்டது என்று அர்த்தம். டொமைன், எச்டிடிபிஎஸ், சேம்சைட் (அடுத்த கேள்வியில் விளக்கம்) பக்கம் தேடுங்கள். எழுத்துகள் மாறவில்லை, பக்கத்தை எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் கார்ட் காலிதான் என்றால் சர்வரில் தகவல் அழிந்திருக்கிறது. செஷன் ஆயுள், டிஸ்க் இடம், ரெடிஸ் (தகவலை நினைவகத்தில் வைக்கும் மென்பொருள்) ஆகியவற்றைப் பாருங்கள். மாறவில்லை, ஆனால் முகவரியின் பின்னால் கேள்விக்குறி போட்டு ஏதாவது இரண்டு எழுத்தைச் சேர்த்துத் திறந்தால் கார்ட் சரியாகத் தெரிகிறது என்றால் கேஷ், அதாவது பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் ஏற்பாடுதான் காரணம். பெரும்பாலான கேஷ்கள் அப்படிச் சேர்த்த முகவரியைப் புதுப் பக்கமாக எடுத்துக்கொண்டு சர்வரிடம் கேட்கும்.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் பத்து பிளகினை மாற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

## பணம் கட்டிவிட்டுத் திரும்பினால் லாகின் போய்விடுகிறது, கார்ட்டும் காலி. எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். ஏன்?

இந்தியக் கடைகளில் இது ரொம்பவே சகஜம். காரணம் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு தளத்தின் குக்கீயை, இன்னொரு தளத்திலிருந்து கிளம்பிவரும் கோரிக்கையோடு அனுப்பலாமா என்று சொல்லும் குறிப்புக்கு சேம்சைட் என்று பெயர். அதில் மூன்று நிலைகள்: ஸ்ட்ரிக்ட், லாக்ஸ், நன். 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80-லிருந்து, எந்தக் குறிப்பும் இல்லாத குக்கீயை லாக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை கூகுள் படிப்படியாகக் கொண்டுவந்தது. கொரோனா நேரத்தில் தளங்கள் உடைந்துவிடக் கூடாது என்று ஏப்ரலில் நிறுத்திவைத்து, ஜூலையில் மறுபடி தொடங்கியது.

லாக்ஸ் நிலையில், வேறு தளத்திலிருந்து சாதாரண லிங்க் வழியாக, அதாவது கெட் முறையில் வந்தால் குக்கீ வரும். படிவம் சமர்ப்பிப்பதுபோல் போஸ்ட் முறையில் வந்தால் வராது. நம் ஊர் பேமெண்ட் கேட்வேக்கள் (கடைக்காக இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவைகள்) பல, பணம் கட்டி முடித்த வாடிக்கையாளரைப் போஸ்ட் முறையில்தான் கடைக்குத் திருப்பி அனுப்புகின்றன. குக்கீ இல்லாமல் வந்தவரைப் பார்த்து, ‘யாரோ புது ஆள்’ என்று கடை புது செஷன் தொடங்கிப் புதுக் குக்கீயும் கொடுத்துவிடுகிறது. அந்தப் புதுக் குக்கீ பழையதன்மேல் எழுதப்படுவதால் லாகினும் போகும், கார்ட்டும் போகும். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தாலும் திரும்பாது.

சரி, அப்படியானால் ஏன் சிலருக்கு மட்டும்? குரோம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. சேம்சைட் குறிப்பே இல்லாத குக்கீ உருவாகி இரண்டு நிமிடம் ஆகாமல் இருந்தால், போஸ்ட் முறையில் வந்தாலும் அனுப்பிவிடும். கடை உரிமையாளர் சோதிக்கும்போது புது இன்காக்னிட்டோ விண்டோ திறந்து, சட்டென்று ஒரு பொருளைப் போட்டு, தயாராக வைத்திருக்கும் டெஸ்ட் கார்டை அடித்து ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார். எல்லாம் சரியாக நடக்கிறது. உண்மையான வாடிக்கையாளர் நிறம் பார்த்து, சைஸ் பார்த்து, வீட்டில் கேட்டு, ஓடிபி வரும்வரை காத்திருந்து வருகிறார். அவருக்கு உடைகிறது. இணையத்தில் கார்டு பயன்படுத்தக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்பது 2009 ஆகஸ்டிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் நம்மூரில் வங்கிப் பக்கத்துக்குப் போய் ஓடிபி போட்டுத் திரும்பும் பயணம் பெரும்பாலும் உண்டு, அதற்கு நேரமும் பிடிக்கும்.

இன்னொரு தடயம்: ஃபயர்ஃபாக்ஸில் சரியாக வருகிறது, குரோமில் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான்.

## இதை எப்படிச் சரிசெய்வது?

இரண்டு வழி உண்டு. எளிய வழி, செஷன் குக்கீக்கு சேம்சைட் நன் என்றும் செக்யூர் என்றும் குறிப்பிடுவது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். செக்யூர் இல்லாத நன் குக்கீயை குரோம் ஏற்காது. பிஎச்பி 7.3-லிருந்து இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது, அதற்கு முன்பு சுற்றுவழிதான். ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது. வேறு தளங்கள் உங்கள் வாடிக்கையாளர் பெயரில் படிவம் சமர்ப்பிக்கும் மோசடிக்கு எதிராக லாக்ஸ் தரும் பாதுகாப்பு போய்விடும். கடையில் ஒவ்வொரு படிவத்துக்கும் தனி டோக்கன் சரிபார்ப்பு இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. கேட்வேயிலிருந்து திரும்பி வரும் முகவரியில் செஷனையே தொடங்காதீர்கள். கேட்வே அனுப்பும் ஆர்டர் எண்ணையும் கையொப்பத்தையும் சரிபார்த்து, ஆர்டரின் நிலையை டேட்டாபேஸில் மாற்றி, உடனே 303 ரீடைரக்ட் (பிரௌசரை வேறு முகவரிக்குத் திருப்பும் பதில்) கொடுத்து ‘நன்றி’ பக்கத்துக்கு அனுப்புங்கள். அந்த ரீடைரக்ட் கெட் முறையில் போவதால் லாக்ஸ் குக்கீ ஒழுங்காக வந்து சேரும். ஸ்ட்ரிக்ட் வைத்திருந்தால் இங்கேயும் வராது. ஓபன்கார்ட் போன்றவற்றில் எந்தப் பக்கம் திறந்தாலும் செஷன் தானாகத் தொடங்கும். அங்கே இந்த முகவரிக்குத் தனியாக ஒரு சின்ன ஃபைல் எழுத வேண்டியிருக்கும். ஒரு மாலை வேலைதான்.

## பணம் பிடித்தாகிவிட்டது, ஆர்டரே உருவாகவில்லை. இதுவும் செஷன் கோளாறா?

கோளாறு செஷனில் தொடங்கியிருக்கலாம். ஆனால் பணம் சம்பந்தப்பட்ட விஷயத்தை வாடிக்கையாளரின் பிரௌசரை நம்பி விட்டதுதான் உண்மையான தப்பு. பணம் கட்டியதும் அவர் டேபை மூடிவிடலாம், சார்ஜ் தீர்ந்து போன் அணையலாம், யுபிஐ ஆப்பிலிருந்து திரும்பாமலேயே போய்விடலாம். திரும்பி வந்தால்தான் ஆர்டர் பதிவாகும் என்று எழுதிய கடை ஒருநாள் அடிவாங்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேட்வேக்கு அனுப்பும் முன்பே, கார்ட்டில் உள்ளதை ‘பணம் வரவேண்டியது’ என்ற நிலையில் ஆர்டராக டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். பணம் வந்ததா என்பதை கேட்வேயின் சர்வர் நேரடியாக உங்கள் சர்வருக்குச் சொல்லும் வெப்ஹுக் மூலம் தெரிந்துகொள்ளுங்கள்.

வெப்ஹுக்கில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கோரிக்கை கேட்வேயின் சர்வரிலிருந்து வருகிறது, அதனிடம் வாடிக்கையாளரின் குக்கீ இருக்காது. வெப்ஹுக் கோடுக்குள் ‘இந்தச் செஷனின் கார்ட்டில் என்ன இருக்கிறது’ என்று கேட்டால் எப்போதும் காலி என்றுதான் பதில் வரும். ஆர்டர் எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். வெப்ஹுக்கும் வாடிக்கையாளரும் எந்த வரிசையிலும் வரலாம், ஒரே வெப்ஹுக் இரண்டு முறையும் வரலாம். ஏற்கெனவே ‘பணம் வந்தது’ என்று குறித்த ஆர்டரை மறுபடி குறித்து, இரண்டு பார்சல் அனுப்பிவிடாதீர்கள்.

வூகாமர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. பணம் வராத ஆர்டருக்குச் சரக்கை ஒதுக்கி வைக்கும் நேரம் அதில் இயல்பாக 60 நிமிடம். அதற்குள் பணம் வராவிட்டால் ஆர்டர் தானாக ரத்தாகிவிடும். வங்கி தாமதமாக உறுதிசெய்யும் பணம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தால் குழப்பம்தான். அந்த நேரத்தைக் கூட்டுவதா என்பதை உங்கள் சரக்கு நிலையைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

## அரை மணி நேரம் கழித்து வந்தால் கார்ட் போய்விடுகிறது. ஆயுளைக் கூட்டியும் பலனில்லை. ஏன்?

பிஎச்பி செஷனுக்கு இயல்பான ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். அதற்கு மேல் யாரும் தொடாத செஷன் ஃபைலைக் குப்பை என்று பிஎச்பி அழிக்கலாம். ‘அழிக்கலாம்’ என்பதைக் கவனியுங்கள். துப்புரவு ஒவ்வொரு முறையும் நடக்காது, இயல்பாக நூறில் ஒரு முறை என்ற கணக்கில்தான் நடக்கும். ஆகவே கூட்டம் இல்லாத கடையில் இரண்டு மணி நேரம்கூட கார்ட் தங்கும், தீபாவளி நேரத்தில் 25-ஆவது நிமிடத்தில் போய்விடும். இதனால்தான் இந்தக் கோளாறு பேய் மாதிரி வந்து வந்து போகிறது.

ஆயுளைக் கூட்டியும் பலனில்லாமல் போவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, ஒரே சர்வரில் பல தளங்கள் ஒரே ஃபோல்டரில் செஷன் ஃபைல்களை வைத்திருப்பது. நீங்கள் எட்டு மணி நேரம் வைத்திருப்பீர்கள். பக்கத்துத் தளம் 24 நிமிடமே வைத்திருக்கும். அது துப்புரவு செய்யும்போது உங்கள் ஃபைலையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். உங்கள் கடைக்கென்று தனி செஷன் ஃபோல்டர் வைத்தால் இது தீரும். இன்னொன்று டெபியன், உபுண்டு சர்வர்களில் வரும். அங்கே பிஎச்பியின் சொந்தத் துப்புரவை அணைத்துவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை ஓடும் தனி வேலை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது பிஎச்பியின் ஐஎன்ஐ என்ற அமைப்பு ஃபைலில் உள்ள எண்ணைத்தான் பார்க்கும். கோடுக்குள் நீங்கள் மாற்றி எழுதிய ஆயுளை அது அறியாது. மாற்றத்தை ஐஎன்ஐ ஃபைலிலேயே செய்யுங்கள்.

குக்கீயின் ஆயுள் வேறு, சர்வரில் தகவலின் ஆயுள் வேறு. ஒன்றைக் கூட்டி மற்றதை விட்டுவிட்டால் பயனில்லை.

மென்பொருள்வாரியாகப் பார்த்தால்: வூகாமர்ஸ் பிஎச்பி செஷனை நம்புவதில்லை. தனக்கென்று ஒரு டேபிள் வைத்திருக்கிறது, லாகின் செய்யாதவரின் கார்ட் அதில் இயல்பாக 48 மணி நேரம் இருக்கும். மஜெண்டோ 2-ல் குக்கீ ஆயுள் இயல்பாக 3600 விநாடி, அதை அட்மின் பக்கத்திலேயே மாற்றலாம். ஓபன்கார்ட் 3-ல் கார்ட் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. ஆனால் லாகின் செய்யாதவர் போட்ட பொருளை, போட்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கழித்து அழிக்கும் ஒரு வரி கார்ட் ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. செஷன் ஆயுளை எவ்வளவு கூட்டினாலும் அந்த வரியை மாற்றாமல் கார்ட் தங்காது. பலர் ஹோஸ்டிங் நிறுவனத்தோடு சண்டை போடுவது இந்த ஒரு வரியால்தான்.

## இன்னொருவருடைய கார்ட், பெயர், முகவரி எல்லாம் தெரிகிறது என்கிறார்கள். ஹேக் ஆகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் ஹேக் ஆனதுபோலவே அவசரமாக நடந்துகொள்ளுங்கள். முதலில் பக்கக் கேஷை முழுதாக அணையுங்கள். கடை மெதுவானால் ஆகட்டும்.

நடந்தது இதுவாக இருக்கும். ஒருவரின் கார்ட் பக்கத்தையோ கணக்குப் பக்கத்தையோ கேஷ் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்து வந்தவருக்கும் அதையே நீட்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் தாக்குதல் கூட்டத்தைச் சமாளிக்க மாற்றிய கேஷ் அமைப்பு தப்பாகி, சுமார் 34,000 பேரின் பக்கங்கள் பிறருக்குத் தெரிந்தன என்று அதன் உரிமையாளரான வால்வ் பின்பு அறிவித்தது.

தளத்துக்கு முன்னால் நின்று பக்கங்களைப் பரிமாறும் கிளவுட்ஃபிளேர் சேவை இயல்பாக எச்டிஎம்எல் பக்கங்களைக் கேஷ் செய்வதில்லை. வேகம் வேண்டும் என்று யாராவது ‘எல்லாவற்றையும் கேஷ் செய்’ என்ற விதியைப் போட்டிருப்பார்கள். கார்ட், செக்அவுட், என் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களையும் அந்த விதியிலிருந்து விலக்க வேண்டும். தமிழில் முகவரி வைத்திருக்கும் கடைகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கேஷ் பிளகின்கள் பலவும் ஆங்கில முகவரிகளை மட்டும் எழுதி விலக்கி வைத்திருக்கும். நீங்கள் பக்கத்தின் பெயரை மாற்றியிருந்தால் விலக்கு வேலை செய்யாது.

கேஷ் இல்லாமலும் இது நடக்க ஒரு பழைய வழி உண்டு. ஓஎஸ்காமர்ஸ், ஜென் கார்ட் என்ற பழைய மென்பொருள்களின் காலத்துக் கடைகளில் குக்கீ கிடைக்காவிட்டால் செஷன் எண்ணை முகவரியிலேயே ஒட்டி அனுப்புவார்கள். வாடிக்கையாளர் அந்த லிங்க்கை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நண்பர் நேராக இவருடைய கார்ட்டுக்குள் வந்து நிற்பார். லாகின் செய்திருந்தால் கணக்குக்குள்ளேயே. இன்னும் அப்படி ஓடும் கடை இருந்தால் ‘குக்கீ கட்டாயம்’ என்ற அமைப்பை இன்றே போடுங்கள்.

## கார்ட்டில் பொருள் இருக்கிறது, மேலே உள்ள ஐகானில் மட்டும் பூஜ்யம். என்ன செய்வது?

பயம் வேண்டாம், செஷன் நன்றாக இருக்கிறது. கேஷ் ஆன பக்கத்தில் ஐகான் எண் பழையதாகவே இருக்கும். அதைப் பின்னணியில் கேட்டு வாங்கிப் புதுப்பிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஓடவில்லை, அவ்வளவுதான். வூகாமர்ஸ் 7.8-லிருந்து அந்த ஸ்கிரிப்டை எல்லாப் பக்கத்திலும் தானாக ஏற்றுவதில்லை. மினி கார்ட் விட்ஜெட் இருந்தால்தான் ஏற்றும். ஐகானைத் தானே வரைந்துகொள்ளும் பழைய தீம்கள் இதில் மாட்டின. வேகத்துக்காக ஸ்கிரிப்ட்களைத் தாமதப்படுத்தும் பிளகின்களாலும் வரும்.

பின்னால் போகும் பட்டனை அழுத்தினால் மட்டும் எண் தப்பாக இருக்கிறதா? பிரௌசர் பழைய பக்கத்தை அப்படியே நினைவிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. பக்கம் மறுபடி காட்டப்படும்போது எண்ணைப் புதுப்பிக்கச் சொல்லி இரண்டு வரி எழுதினால் போதும்.

## டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டு வந்தால் ஒரு கார்ட், போடாமல் வந்தால் வேறு கார்ட். சரியா?

டொமைன் குறிப்பிடாத குக்கீ, அதைக் கொடுத்த முகவரிக்கு மட்டும்தான் சொந்தம். விளம்பரத்தில் ஒரு முகவரி, கேட்வேயில் பதிவுசெய்த திரும்பும் முகவரி இன்னொன்று என்றால் கார்ட் இரண்டாகப் பிரியும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதிலிருந்து 301 ரீடைரக்ட் போடுங்கள். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கும் அப்படியே. கேட்வே டாஷ்போர்டில் உள்ள முகவரியைத் திருத்த மறக்காதீர்கள். எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறி வருடக்கணக்கான பின்பும் அங்கே பழைய முகவரி கிடப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

## இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலிருந்து வருபவர்களுக்கு மட்டும் கார்ட் தொலைகிறது. ஏன்?

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆப்கள் லிங்க்கைத் தங்களுக்குள் இருக்கும் சின்ன பிரௌசரிலேயே திறக்கின்றன. அதன் குக்கீகள் வேறு, போனில் உள்ள குரோமின் குக்கீகள் வேறு. அங்கே கார்ட்டில் போட்டுவிட்டு, ‘பிரௌசரில் திற’ என்று அழுத்தினாலோ பிறகு குரோமில் கடையைத் தேடி வந்தாலோ கார்ட் காலியாகத்தான் இருக்கும். இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது, தடுக்கவும் முடியாது. செய்யக்கூடியது, போன் எண்ணையோ மின்னஞ்சலையோ செக்அவுட்டின் முதல் கட்டத்திலேயே வாங்கி, கார்ட்டை மீட்கும் லிங்க் ஒன்றை அனுப்புவது. அந்த லிங்க்கில் செஷன் எண்ணை வைக்காமல், சில நாளில் காலாவதியாகும் தனிக் குறியீடு வையுங்கள்.

ஐபோன் சஃபாரியில் இன்னொன்று: ஜாவாஸ்கிரிப்ட் எழுதிய குக்கீக்கு ஆயுள் அதிகபட்சம் ஏழு நாள். ஒரு மாதம் கார்ட் நிற்க வேண்டும் என்றால் குக்கீயை சர்வர் எழுத வேண்டும்.

## லாகின் செய்ததும் கார்ட் மாறிவிடுகிறது. எது சரி?

லாகின் செய்யும்போது செஷன் எண்ணை மாற்றுவது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்யப்படுவது, அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். எண் மாறினாலும் உள்ளே இருப்பது கூடவே வர வேண்டும். அவருடைய கணக்கில் போன மாதம் விட்டுப்போன கார்ட் ஒன்று இருந்தால் இரண்டையும் சேர்ப்பதா, புதியதை மட்டும் வைப்பதா என்பது கடையின் முடிவு. என் கருத்து: சேருங்கள், ஆனால் ‘முன்பு விட்டுச்சென்ற பொருள்களும் சேர்க்கப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி காட்டுங்கள். காட்டாவிட்டால், கேட்காத பொருளுக்குப் பணம் எடுத்தீர்கள் என்று சண்டை வரும்.

## பஸ்ஸில் போகும்போது மட்டும் கார்ட் தொலைகிறது என்கிறார் ஒருவர். நம்பலாமா?

நம்பலாம். சில கடைகளில் செஷனை ஐபி முகவரியோடு கட்டிவைக்கும் பாதுகாப்பு அமைப்பு இருக்கும். ஓஎஸ்காமர்ஸ், ஜென் கார்ட் இரண்டிலும் உண்டு, சில பாதுகாப்பு பிளகின்களிலும் உண்டு. மொபைலில் வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறினாலே ஐபி மாறிவிடும். அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். இந்தக் காலத்துக்கு அது ஒத்துவராது.

## கடை வளர்ந்து இரண்டு சர்வர் போட்டோம். அன்றிலிருந்து கார்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஏன்?

முதல் சர்வரின் டிஸ்க்கில் இருக்கும் செஷன் ஃபைல் இரண்டாவது சர்வருக்குத் தெரியாது. ரிஃப்ரெஷ் செய்யச் செய்யக் கார்ட் தோன்றி மறைந்தால் இதுதான். ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கே அனுப்பும்படி, வருபவர்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரில் அமைக்கலாம், ஆனால் அந்தச் சர்வர் விழுந்தால் அதிலுள்ளவர்களின் கார்ட் எல்லாம் சேர்ந்து விழும். செஷனை இரண்டுக்கும் பொதுவான ரெடிஸில் வைப்பதே சரி.

ரெடிஸுக்குப் போனதும் அடுத்த தலைவலி. பக்கக் கேஷையும் செஷனையும் ஒரே ரெடிஸில் வைத்து, இடம் நிறைந்தால் பழையதை எடுத்துவிடு என்று அமைத்திருந்தால், அது கேஷையும் கார்ட்டையும் பிரித்துப் பார்க்காது. யாராவது ‘கேஷை அழி’ பட்டனைத் தட்டினால் மொத்த ரெடிஸையும் துடைக்கும் பிளகின்களும் உண்டு. மஜெண்டோவின் ஆவணங்கள் கேஷுக்கு 0, பக்கக் கேஷுக்கு 1, செஷனுக்கு 2 என்று தனித்தனி டேட்டாபேஸ் எண் வைக்கின்றன. அது நல்ல பழக்கம். ஆனால் நினைவக வரம்பு முழு ரெடிஸுக்கும் ஒன்றே என்பதால், முடிந்தால் செஷனுக்கு ஒரு ரெடிஸை முழுதாகத் தனியே ஓட்டுங்கள்.

வூகாமர்ஸ் அட்மினின் கருவிகள் பக்கத்தில் ‘வாடிக்கையாளர் செஷன்களை அழி’ என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் அந்த நேரத்தில் கடையில் இருக்கும் எல்லோருடைய கார்ட்டும் போய்விடும். விற்பனை நடக்கும் நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

## செக்அவுட்டில் ‘செஷன் காலாவதியாகிவிட்டது’ என்று வருகிறது, ஆனால் ஆயுள் முடியவில்லையே?

வூகாமர்ஸ் செக்அவுட்டில் அந்தச் செய்தி பெரும்பாலும் கார்ட் காலி என்பதற்கான மரியாதையான வார்த்தை. அதனால் இரண்டாவது கேள்வியில் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். ‘உங்கள் ஆர்டரை ஏற்க முடியவில்லை, மீண்டும் முயலுங்கள்’ என்று வந்தால் கதை வேறு. ஒவ்வொரு படிவத்திலும் வேர்ட்பிரஸ் வைக்கும் நான்ஸ் என்ற குறியீட்டின் ஆயுள் அதிகபட்சம் 24 மணி நேரம். செக்அவுட் பக்கம் கேஷ் ஆகிப் பழைய குறியீட்டோடு நிற்கிறதா என்று பாருங்கள்.

## ஒரு பொருள் போட்டால் இரண்டாக ஏறுகிறது. ஏன்?

முகவரியிலேயே ‘கார்ட்டில் சேர்’ என்ற கட்டளை இருந்தால், ரிஃப்ரெஷ் செய்யும்போதெல்லாம் இன்னொன்று ஏறும். தேடுபொறி ரோபோக்கள் அந்த லிங்க்கைத் தொட்டாலும் ஆளில்லாத கார்ட்கள் ஆயிரக்கணக்கில் முளைத்து செஷன் டேபிள் வீங்கும். சேர்த்தவுடன் கட்டளை இல்லாத முகவரிக்கு ரீடைரக்ட் செய்யுங்கள். அந்த லிங்க்குகளை ரோபோட்ஸ் ஃபைலில் விலக்குங்கள். பட்டனை இருமுறை தட்டினால் ஏறுவது என்றால், முதல் தட்டலிலேயே பட்டனை முடக்குங்கள்.

## ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது என்ன கொடுக்க வேண்டும்?

‘கார்ட் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால், ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். கோளாறு நடந்த நேரத்தை விநாடியோடு எழுதுங்கள், எந்த நேர மண்டலம் என்றும் சொல்லுங்கள். குக்கீயின் பெயர், முன்னும் பின்னும் அதன் கடைசி எழுத்துகள், எந்தப் பக்கத்தில் மாறியது, எந்த பிரௌசர் என்பதையும் சேருங்கள். குக்கீயின் முழு மதிப்பை அனுப்பாதீர்கள், அது இருந்தால் அந்தக் கணக்கில் யாரும் நுழையலாம். நெட்வொர்க் டேபில் ‘பிரிசர்வ் லாக்’ என்பதை டிக் செய்துவிட்டு வாங்கலைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் கேட்வே பக்கம் போனதும் பழைய பதிவு அழிந்துவிடும்.

அப்படியே மூன்று கேள்விகளையும் கேளுங்கள். செஷன் ஃபைல் இருக்கும் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? ஐநோடு (டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவைப்படும் பதிவு) எண்ணிக்கை தீர்ந்துவிட்டதா? அந்த ஃபோல்டரில் எழுத பிஎச்பிக்கு அனுமதி இருக்கிறதா? இடம் ஜிகாபைட் கணக்கில் மிச்சமிருந்தும், லட்சக்கணக்கான குட்டி செஷன் ஃபைல்களால் ஐநோடு தீர்ந்து புதிதாக ஒரு ஃபைல்கூட எழுத முடியாமல் போகலாம். இந்த நிலையில் பழைய வாடிக்கையாளர்களின் கார்ட் நன்றாக இருக்கும், புதிதாக வருபவர்களுக்கு மட்டும் கார்ட் நிற்காது. புகாரில் அதையும் ஒரு வரி எழுதினால் அவர்கள் நேராக அந்த ஃபோல்டரைத் திறந்து பார்ப்பார்கள்.